தம்பிக்கு மலேரியா ரெண்டாவது தடவ வந்துருக்கு, நம்ம ஊர்லதான் மலேரியாவே இல்லைன்றாங்களே, அப்ப எங்கிருந்து வந்துச்சு?

உசிலை_அக்கா:
வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க. என் தம்பி போர்வெல் வண்டியில வேல பாக்குறான், ரிக்கோட ஒடிசா சத்தீஸ்கர்னு மாசக்கணக்குல சுத்துறவன். போன மழைக்காலத்துல மல்கான்கிரி பக்கம் வேல நடந்தப்ப காய்ச்சல் வந்து, அங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரியில விரல்ல குத்திப் பாத்து மலேரியான்னு சொல்லி மாத்திரை குடுத்துருக்காய்ங்க. மூணு நாள்ல காய்ச்சல் விட்ருச்சு, வண்டியும் அடுத்த ஊருக்கு நகந்துருச்சு, இவனும் ஏறிப் போயிட்டான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் தம்பி பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு திரும்பப் போகவே இல்ல, இங்க உசிலம்பட்டி பக்கத்துல எங்க கிராமத்துலயேதான் இருக்கான்.

இப்ப பொங்கல் கழிச்சு திரும்ப ஆரம்பிச்சுருச்சு. சாயங்காலம் ஆச்சுன்னா பல்லு கிட்டிக்கிற மாதிரி ஒரு நடுக்கம், ரெண்டு கம்பளி போட்டு நான் மேல அமுக்கிப் பிடிச்சாலும் கட்டில் ஆடுது, அப்புறம் உடம்பு அனலாக் கொதிக்கும், அப்புறம் வேர்த்து ஊத்தி பாயெல்லாம் நனைஞ்சு போகும். மறுநாள் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு டீக்கடைக்குப் போறான்! சரி விட்ருச்சுன்னு நினைச்சா அதுக்கு மறுநாள் அதே நேரத்துக்கு திரும்ப. மொதல்ல ஒரு கிளினிக்ல காட்டுனோம், டைபாய்டுன்னு சொல்லி ஊசி, குளுக்கோஸ் எல்லாம் ஏத்துனாங்க, கேக்கல. அப்புறம் வேற எடத்துல பட்டை மாதிரி ஒரு கார்டுல ரத்தம் வச்சுப் பாத்து மலேரியா பிவி பாசிட்டிவ்ன்றாங்க.

எங்க ஊர்ல யாருக்கும் மலேரியா வந்து நான் கேள்விப்பட்டதே இல்ல. அப்ப இங்க இருக்குற கொசு கடிச்சு வந்ததா, இல்ல பழசுதானா? பழசுன்னா இத்தன மாசமா எங்க இருந்துச்சு, நடுவுல ஒரு தும்மல் கூட இல்லையே. அம்மா வேற காட்டுக்குள்ள ராத்திரி வேல பாத்ததுல முனி அடிச்சுருச்சுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகணும்ன்றாங்க. வீட்ல ரெண்டு சின்னப் பிள்ளைங்க, ஆறு மாச கர்ப்பிணி எல்லாம் இருக்கோம், தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழங்காநத்தம்_பையன்:
அக்கா அங்க குடுத்த மாத்திரை டூப்ளிகேட்டா இருந்துருக்கும், நோய் முழுசா போயிருக்காது. இல்லைனா இங்க கொசு கடிச்சுருக்கும், நம்ம ஊர்ல கொசுவுக்கா பஞ்சம். பிளேட்லெட் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, பப்பாளி இலைச் சாறு குடுங்க, எங்க மாமாவுக்கு போன வருசம் டெங்குல அதான் குடுத்தோம்.

லேப்_தங்கச்சி:
தம்பி, டெங்கு வேற மலேரியா வேற. டெங்கு வைரஸ், மலேரியா ஒட்டுண்ணி, பரப்புற கொசுவும் வேற, பப்பாளி இலைக்கு இங்க வேலையே இல்ல. மலேரியாவுலயும் பிளேட்லெட் குறையும், அதப் பாத்துட்டு டெங்குன்னு முடிவு கட்டிடக் கூடாது.

உசிலை அக்கா, நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீசியனா இருக்கேன், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. பிவின்னா பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். நம்ம நாட்டுல முக்கியமா ரெண்டு வகை, வைவாக்ஸ் ஒண்ணு, ஃபால்சிபேரம் ஒண்ணு. ஃபால்சிபேரம்தான் மூளை வரைக்கும் போயி ஆளக் கொல்றது. வைவாக்ஸ் அவ்ளோ கொல்லாது, ஆனா அதுக்கு ஒரு கெட்ட குணம் இருக்கு, உங்க கேள்விக்குப் பதிலே அதுதான்.

கொசு கடிக்கும்போது அதோட எச்சில் வழியா ஒட்டுண்ணி உள்ள எறங்கும். எறங்குனதும் ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்காது, அரை மணி நேரம் போல ஆகுறதுக்குள்ள நேரா ஈரலுக்குப் போயிரும். அங்க ஒரு வாரம் பத்து நாள் சத்தமே இல்லாம பெருகும், அந்த நேரத்துல காய்ச்சலும் இருக்காது, ரத்தத்துல பாத்தாலும் தெரியாது. அப்புறம் வெடிச்சு வெளிய வந்து சிவப்பணுக்குள்ள பூந்து, உள்ளயே பெருகி, அணுவ உடைச்சுக்கிட்டு வெளிய வரும். வைவாக்ஸ்ல இந்த சுத்துக்கு 48 மணி நேரம். எல்லாம் ஒரே நேரத்துல உடையுறதாலதான் உங்க தம்பிக்கு ஒண்ணு விட்ட நாள் அதே நேரத்துக்கு நடுக்கம் வருது, நம்ம பெரியவங்க முறைக்காய்ச்சல்னு சொன்னது இதத்தான். (எல்லாருக்கும் இவ்ளோ கரெக்டா முறை வச்சு வராது, முறை இல்லைன்றதுக்காக மலேரியா இல்லைன்னு நினைச்சுராதீங்க.)

இப்ப கெட்ட குணத்துக்கு வர்றேன். ஈரலுக்குப் போன வைவாக்ஸ் மொத்தமும் வெளிய வர்றதில்ல, கொஞ்சம் அங்கயே தூங்கிரும். ஹிப்னோசோயிட்டுன்னு பேரு. வாரக்கணக்கா மாசக்கணக்கா கிடந்துட்டு ஒரு நாள் எந்திரிச்சு மறுபடி ரத்தத்துக்கு வரும், புதுசா எந்தக் கொசுவும் கடிக்க வேண்டியதில்ல. தோட்டத்துல கோரைய மேலாக அரிஞ்சு விட்டா கிழங்கு மண்ணுக்குள்ள கிடந்து மழை பேஞ்சதும் முளைக்கும்ல, அதே கததான். மூணு நாள் குடுக்குற குளோரோகுயின் ரத்தத்துல இருக்குறத மட்டும் அரியும், காய்ச்சல் விட்ரும், ஆளும் தெம்பாயிருவான். கிழங்க எடுக்குறதுக்கு பிரைமாகுயின்னு தனி மாத்திரை, 14 நாள் விடாம சாப்பிடணும். பாதிப் பேரு இதத்தான் விட்டுர்றாங்க, ஏன்னா காய்ச்சல் விட்டதுக்கு அப்புறமும் நல்லா இருக்குற ஆளு தினமும் மாத்திரை போடணும்னா யாருக்குத்தான் மனசு வரும், அதுலயும் அது வெறும் வயித்துல போட்டா வயித்தப் பிசையும். தம்பி பைய ஒரு தடவ குடைஞ்சு பாருங்கக்கா, சின்ன மாத்திரை அட்டை பாதி மிச்சம் இருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். தூங்குறது எத்தன இருக்குன்னு பாக்க ரத்த டெஸ்ட்டும் கிடையாது, ரத்தம் சுத்தம்னு ரிப்போர்ட் வந்தாலும் ஈரல் சுத்தம்னு அர்த்தம் இல்ல.

அவன் அங்க இருக்கும்போது ரெண்டாவது தடவ கடி வாங்கி அதுல தூங்குனது இப்ப எந்திரிச்சுருக்கவும் வாய்ப்பு இருக்கு, எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான்.

ரெண்டு விஷயம் மறக்காம டாக்டர்ட்ட கேளுங்க. ஒண்ணு, ரத்தத் தடவல். கார்டு டெஸ்ட்டோட கண்ணாடிச் சில்லுலயும் ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொல்லுங்க, மல்கான்கிரி பக்கமெல்லாம் ஃபால்சிபேரம்தான் அதிகம், ரெண்டும் கலந்து இருந்தா மருந்து மாறும். ரெண்டு, ஜி6பிடி டெஸ்ட். சிலருக்குப் பிறவியிலயே சிவப்பணுல அந்த என்சைம் கம்மியா இருக்கும், ஆம்பளைங்கட்டதான் இது கூடுதல், அவங்க பிரைமாகுயின் போட்டா ரத்த அணு உடைஞ்சு மூத்திரம் கருஞ்சிவப்பாப் போகும், கண்ணு மஞ்சளாகும். அப்படி ஆனா மாத்திரைய நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி. அப்புறம் முக்கியமா, கர்ப்பிணிக்கு பிரைமாகுயின் குடுக்கவே கூடாது, வீட்ல தம்பி பொண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்து அதே அட்டையில இருந்து எடுத்துக் குடுத்துறாதீங்க. அவளுக்கு லேசா மேல் சுட்டாலே கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுங்க, கர்ப்பத்துல மலேரியா தாயையும் பிள்ளையையும் சேத்து பாதிக்கும்.

தட்டு டம்ளர் எல்லாம் தனியா வேணாம். தொட்டா, தும்முனா, எச்சில் பட்டா ஒட்டாது. ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குத்தான், வீட்டுக்குள்ள ஒருத்தர்ட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போக கொசு வேணும்.

தம்பி மயங்குன மாதிரி இருந்தா, பேச்சு கொழறுனா, வலிப்பு வந்தா, மூச்சு வாங்குனா, குடுக்குற மாத்திரை எல்லாம் வாந்தியா வந்தா விடியட்டும்னு உக்காந்துராதீங்க, ராவோட ராவா பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பிருங்க.

சித்தவழி:
இங்கிலீஷ் மாத்திரை ஈரலக் கெடுக்கும். நிலவேம்புக் குடிநீர் காலைல சாயங்காலம் வெறும் வயித்துல ஒரு மண்டலம் குடுங்க, எந்த விஷக்காய்ச்சலும் ஓடிப் போயிரும். நம்ம முன்னோர் எந்த லேபுக்குப் போனாங்க?

மேலூர்_ஆத்துக்கால்:
அண்ணே, நானும் வீட்ல நிலவேம்பு காய்ச்சிக் குடிக்கிற ஆளுதான், சண்டைக்கு வரல. ஆனா முன்னோர் லேபுக்குப் போகாததால என்ன ஆச்சுன்னு எங்க மேலூர்க்காரன்ட்ட கேளுங்க. எங்க வயலுக்குத் தண்ணி வர்ற பெரியாறு அணை 1887ல ஆரம்பிச்சு 1895ல முடிஞ்சது, பென்னிகுக் படத்த வீட்டுக்கு வீடு மாட்டிருக்கோம், சரிதான், ஆனா அங்க காட்டுல வேல பாத்தவங்கள்ல மலேரியாவும் மத்த நோயும் தூக்கிட்டுப் போன ஆளுக எத்தனையோ. அவங்களப் பொதச்ச கல்லற அணைக்குப் பக்கத்துலயே இருக்கு. கூலிக்குப் போன ஏழைபாழைக்கு அன்னிக்குக் கஷாயம் காய்ச்சத் தெரியாமயா இருந்துருக்கும்?

அப்புறம் செடியில மருந்து இல்லைன்னும் யாரும் சொல்லல. மலேரியாவுக்கு முதல்ல வேல செஞ்ச குயினைன் சின்கோனா மரப்பட்டையில இருந்து வந்தது, அதுக்காகவே வெள்ளக்காரன் 1860கள்ல நீலகிரியில சின்கோனா நட்டான், நடுவட்டத்துல குயினைன் தொழிற்சாலையே ஓடுச்சு. இப்ப ஃபால்சிபேரத்துக்குக் குடுக்குற ஆர்ட்டிமிசினினும் செடிதான். து யூயூன்னு ஒரு சீன அம்மா பழைய சீன வைத்திய ஏட்டப் படிச்சு, கொதிக்க வச்சா மருந்து வீணாகுதுன்னு கண்டுபிடிச்சு, சூடு கம்மியா வச்சு அதப் பிரிச்சு எடுத்தாங்க, 2015ல நோபல். அதாவது செடிய எடுத்து, எதுல இருக்கு எவ்ளோ குடுக்கணும்னு அளந்து, குடுத்தா ஒட்டுண்ணி போகுதான்னு ஆளுக்கு ஆள் பாத்தாங்க. நிலவேம்பு ஈரல்ல தூங்குற வைவாக்ஸ எழுப்பி விரட்டுதுன்னு அப்படி யாரும் நிரூபிச்சுக் காட்டல. காய்ச்சல் ஒண்ணு விட்ட நாள் தானாவே எறங்குற நோய் இது, அந்த எறங்குற நாள்ல எதக் குடுத்தாலும் அதுதான் கேட்டுச்சுன்னு தோணும். கசாயம் குடிக்கணும்னா குடிக்கட்டும், மாத்திரைக்குப் பதிலா வேணாம். உங்க அம்மாட்டயும் இதயே சொல்லுங்கக்கா, மந்திரிச்சு வந்த மறுநாள் காய்ச்சல் இருக்காது, அதனால முனி போயிருச்சுன்னு மாத்திரைய நிறுத்திறாதீங்கன்னு.

உசிலை_அக்கா:
லேப் தங்கச்சி, நீ சொன்னது அப்படியே கண்ணால பாத்த மாதிரி இருக்குடி. பைய உதறுனேன், அட்டை கெடக்கு, முக்காவாசி அப்படியே இருக்கு. கேட்டா அங்க ஆஸ்பத்திரியில ஒடியாவுலயும் இந்தியிலயும் என்னமோ சொன்னாங்களாம், இவனுக்குப் புரிஞ்சது தினமும் ரெண்டுன்றது மட்டும், எத்தன நாளுன்றது புரியல, காய்ச்சல் விட்டதும் தூக்கி உள்ள போட்டுட்டான். அந்த மாத்திரைய இப்பப் போட்டா போதாதான்னு அவன் கேக்குறான், நான் பிடிங்கி வச்சுட்டேன், டாக்டர் சொல்லாம வேணாம்னுட்டேன்.

இன்னைக்குக் கூட்டிட்டுப் போனோம், தடவல் எடுத்துட்டாங்க, வைவாக்ஸ் மட்டும்தான், ஃபால்சிபேரம் இல்ல. மறுபடியும் மூணு நாள் மாத்திரை ஆரம்பிச்சாச்சு, ஜி6பிடிக்கு டவுன்ல ரத்தம் குடுத்துருக்கு, அது வந்ததும் 14 நாள் மாத்திரைன்னாங்க. சுகாதார நிலையத்துல இருந்து ஆளுங்க வந்து எங்க தெரு பூரா வீடு வீடா யாருக்குக் காய்ச்சல்னு கேட்டு ரத்தம் எடுத்தாங்க, அது தெருவுல பெரிய பேச்சாயிருச்சு, எங்க வீட்ட ஏதோ மாதிரி பாக்குறாய்ங்க, தம்பி பொண்டாட்டி அழுகுறா. ஒருத்தனுக்கு வந்ததுக்கு இவ்ளோ எதுக்கு? அப்புறம் சாக்கடைக்கு மருந்து அடிக்கச் சொல்லி பஞ்சாயத்துல கேட்டுருக்கோம், அது போதுமா?

ஓய்வு_சுகாதார_ஆய்வாளர்:
ஏம்மா, தெருவுல பேசுறத விடுங்க, வந்து ரத்தம் எடுத்தவங்க சரியான வேலதான் பாத்துருக்காங்க. உங்க வீட்டுக்காக மட்டும் எடுக்கல, ஊருக்காக எடுத்தாங்க. காரணத்தச் சொல்றேன்.

உங்க ஊர்ல மலேரியா இல்லைன்னு நீங்க சொல்றது உண்மைதான், ஆனா அந்தக் கொசு இல்லைன்னு யாரும் சொல்லல! மலேரியாவப் பரப்புற அனாபிலிஸ் கொசு மதுரை சுத்துப்பட்டுல எங்கயும் இருக்கு. இல்லாதது ஒட்டுண்ணி மட்டும்தான். இப்ப உங்க தம்பி ரத்தத்துல அது இருக்கு. காய்ச்சலோட அவர் வாசல்ல கட்டில் போட்டுப் படுத்துருக்கும்போது உள்ளூர் அனாபிலிஸ் ஒண்ணு கடிச்சா அதுக்குள்ள ஒட்டுண்ணி போயிரும், ஏறக்குறைய பத்துப் பதினாலு நாள் அதுக்குள்ள வளரும், அது வரைக்கும் அந்தக் கொசு செத்துப் போகாம இருந்துச்சுன்னா அடுத்து யாரக் கடிக்குதோ அவங்களுக்கு எறங்கும். அந்த ஆளு ஒடிசாவ மேப்புல கூட பாத்துருக்க மாட்டார். இப்படித்தான் இல்லாத ஊர்ல ஆரம்பிக்கும். அதனால கொசுவலைய எல்லாரும் பிள்ளைங்களுக்குக் கட்டுவீங்க, கட்டுங்க, ஆனா முதல் வலை உங்க தம்பிக்குக் கட்டணும். கடி வாங்காம அவரக் காப்பாத்த இல்ல, அவர்ட்ட இருந்து கொசுவக் காப்பாத்த. வைவாக்ஸ்ல காய்ச்சல் காட்டுற முன்னாடியே கொசுவுக்குப் போற பருவம் ரத்தத்துல வந்துரும், அதனாலதான் தெரு பூரா எடுக்குறது.

சாக்கடைக்கு மருந்து கேட்டுருக்கோம்ன்றீங்க. சாக்கடையில வளர்றது க்யூலெக்ஸ், அது ராத்திரி காதுல பாட்டுப் பாடுற கொசு, யானைக்காலுக்கு அதுதான் காரணம். மலேரியாக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, அதுக்கு நீங்க குடிக்கிற தண்ணி மாதிரி தெளிஞ்ச தண்ணி வேணும். அனாபிலிஸ் ஸ்டீபன்சின்னு ஒண்ணு, மூடாத மொட்டைமாடித் தொட்டி, சம்பு, கிணறு இதுலதான் முட்ட போடும். இன்னொண்ணு க்யூலிசிஃபேசிஸ், அது கிராமத்துக் கொசு, வாய்க்கால் ஓரம், ஆத்துல தண்ணி வத்துனப்புறம் மணல்ல நிக்கிற குட்டை, வயல் இதெல்லாம். நம்ம 58 கிராமக் கால்வாயில தண்ணி விட்டு நிறுத்துனப்புறம் அங்கங்க தேங்கி நிக்கும்ல, அத ஒரு நடை போயிப் பாருங்க. ஒரு டம்ளர்ல மோந்து பாத்தாலே தெரிஞ்சுரும், புழு தண்ணி மட்டத்துக்கு ஒட்டிப் படுத்த மாதிரி கெடந்தா அனாபிலிஸ், தலகீழாச் சாஞ்சு தொங்குனா க்யூலெக்ஸ் இல்லைனா டெங்குக் கொசு. பெரிய கொசுவையும் செவுத்துல பாத்தே சொல்லலாம், பின்பக்கத்தத் தூக்கிச் சாய்வா ஆணி அடிச்ச மாதிரி உக்காந்துருந்தா அதுதான். பொழுது சாஞ்சதுல இருந்து விடியக்காலம் வரைக்கும் கடிக்கும், பகல்ல கடிக்கிறது வேற ஆளு.

முட்டையில இருந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால தொட்டியா இருந்தாலும் தொட்டித் தண்ணி பிடிக்கிற டிரம்மா இருந்தாலும் வாரம் ஒரு தடவ காய விட்டுத் தேய்ச்சுக் கழுவுனா போதும். காலி பண்ண முடியாத கிணத்துக்குக் கம்பூசியா மீன் கேளுங்க, புழுவத் தின்னுரும். வீடு வீடா கொசுப்புழு பாக்க வர்ற டிபிசி ஆளுங்க தொட்டியில அபேட்ன்ற புழுக்கொல்லி மருந்து ஊத்த வந்தா, தண்ணி நாறுதுன்னு விரட்டாதீங்க, நான் வேலையில இருந்தப்ப வாங்குன திட்டுல பாதி இதுக்குத்தான். புகை மருந்து அடிக்கச் சொல்லி எல்லாரும் கேப்பாங்க, கேட்டா வண்டியும் வரும், பாக்கவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது அந்த நேரத்துல பறக்குற கொசுவத்தான் கொல்லும், தொட்டியில இருக்குற புழு மறுநாள் பறந்து வரும். அரசியல்வாதிக்குப் புகை பிடிக்கும், எனக்குத் தொட்டி மூடிதான் பிடிக்கும்.

ஒருத்தருக்காக இவ்ளோவான்னு கேட்டீங்க. நம்ம நாட்டுக் கதையே அதுக்குப் பதில். 1953ல மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சு டிடிடி பூச்சிமருந்து அடிச்சு அடிச்சு, 1960கள்ல நாடு முழுக்கச் சேத்தே வருசத்துக்கு ஒரு லட்சம் கேஸ் போலக் கொண்டு வந்துட்டாங்க. அவ்ளோதான் போயிருச்சுன்னு கை தளர்ந்துச்சு, கொசுவும் மருந்துக்குப் பழகிருச்சு, 1976ல 64 லட்சத்துக்கு மேல போயிருச்சு. இந்தா பக்கத்துல இலங்கை, 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்துருச்சு, அப்புறமும் வெளிநாட்டுல இருந்து வர்ற ஒவ்வொரு கேஸுக்கும் இன்னும் பின்னாடியே போறாங்க. நம்ம சொக்கிகுளத்துல கொசு மாதிரி நோய் பரப்புற பூச்சிகளப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நிலையம் ஒண்ணு பல வருசமா இருக்கு, மதுரைக்காரங்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியாது.

லாரி_சிவகாசி_டூ_ராய்ப்பூர்:
இந்தத் திரி எனக்காகவே போட்ட மாதிரி இருக்கு. மாசி மாசம் ஜக்தல்பூர் பக்கம் லோடு இருக்கு, ரெண்டு மூணு வாரம் அங்கிட்டுத்தான் சுத்தணும், வண்டிக்குள்ளயேதான் தூங்குவோம். போறதுக்கு முன்னாடி ஊசி கீசி இருக்கா? மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துருச்சுன்னு எங்கயோ படிச்சேன்.

லேப்_தங்கச்சி:
அண்ணா, வந்தது உண்மைதான், அதுல ஒண்ண, ஆர்21, நம்ம புனே சீரம் கம்பெனிதான் தயாரிக்குது. ஆனா அது ஃபால்சிபேரத்துக்கு எதிரா, ஆப்பிரிக்காவுல சின்னப் பிள்ளைங்களுக்குப் போடுறது, உங்களுக்கும் எனக்கும் இல்ல. போறதுக்கு முன்னாடி டாக்டரப் பாத்தா தடுப்பு மாத்திரை எழுதிக் குடுப்பாங்க, குறைஞ்ச நாளுக்குப் போறவங்களுக்கு டாக்ஸிசைக்ளின் குடுக்குறது வழக்கம், அதப் போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, திரும்பி வந்தும் நாலு வாரம் சாப்பிடணும், வந்தாச்சுன்னு நிறுத்துனா பிரயோஜனம் இல்ல. அதுவும் ஈரல்ல தூங்குறதத் தடுக்காது, அதனால மாத்திரை போட்டோம்னு கையில்லாத பனியனோட வெளிய படுத்துராதீங்க. கேபின்ல கட்டுற மாதிரி சின்ன வலை கிடைக்குது, பொழுது சாஞ்சா முழுக்கைச் சட்டை, கை கால்ல தடவுற கிரீம்.

இதெல்லாத்தையும் விட முக்கியம், திரும்பி வந்து ஒரு வருசத்துக்குள்ள எப்பக் காய்ச்சல் வந்தாலும் டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லுங்க, சார் நான் சத்தீஸ்கர் போயிட்டு வந்தேன்னு. உசிலை அக்கா தம்பிக்கு அந்த முதல் கிளினிக்ல டைபாய்டுன்னு ஊசி போட்டதுக்குக் காரணம், எங்க போயிட்டு வந்தன்னு அங்க யாரும் கேட்டுருக்க மாட்டாங்க, இவங்களும் சொல்லிருக்க மாட்டாங்க. மலேரியாவ யோசிச்சாத்தான் தடவல் எழுதுவாங்க. கவர்மென்ட்ல அந்த டெஸ்ட்டும் மருந்தும் காசு இல்லாமதான்.

பழங்காநத்தம்_பையன்:
அப்ப மாத்திரை டூப்ளிகேட் இல்லையா, சரி சரி. ஒரு டவுட்டு, தம்பி இனி ரத்த தானம் பண்ணலாமா? எங்க காலேஜ் கேம்ப்ல மலேரியா வந்துச்சான்னு ஒரு கட்டம் இருக்கும், நாங்க யாருமே படிக்காம இல்லைன்னு டிக் அடிப்போம்.

லேப்_தங்கச்சி:
அந்தக் கட்டத்த இனிமேலாவது படிங்க தம்பி! குடுக்குற ரத்தம் வழியாவே மலேரியா போகும், கொசு கூட வேணாம். வைத்தியம் முடிஞ்சு கொஞ்ச மாசம் கழிச்சுத்தான் எடுப்பாங்க, பிளட் பேங்க்ல உண்மையச் சொன்னா அவங்களே தேதி சொல்வாங்க.

உசிலை_அக்கா:
ஜி6பிடி நார்மல்னு வந்துருச்சு, 14 நாள் மாத்திரை ஆரம்பிச்சாச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் என் கண்ணு முன்னாடிதான் முழுங்கணும்னு சொல்லிட்டேன். நடுக்கம் நின்னுருச்சு. ஆய்வாளர் ஐயா, மாடிக்குப் போயிப் பாத்தேன், எங்க தொட்டிக்கு மூடியே இல்ல, ஆடிக் காத்துல போனது, அடுத்த வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுற எடத்துல கெடக்கு, கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். மருந்து போட்ட வலை ஒண்ணு வாங்கிருக்கோம், இத துவைக்கலாமா, துவைச்சா மருந்து போயிருமா? அம்மா வாங்குன அன்னைக்கே வாஷிங் பவுடர்ல ஊற வைக்கப் போனாங்க.

ஓய்வு_சுகாதார_ஆய்வாளர்:
நல்ல நேரத்துல தடுத்தீங்க. பிரிச்சதும் ஒரு நாள் நெழல்ல காத்தாட விட்டுட்டுக் கட்டுங்க, துவைக்க வேணாம். அழுக்கான பிறகு சாதா சோப்புல பச்சத் தண்ணியில அலசி நெழல்லயே காயப் போடுங்க, வெயில்ல போட்டா மருந்து போயிரும், பிளீச்சிங் ஆகவே ஆகாது. அலசுன தண்ணிய மீன் இருக்குற கிணத்துப் பக்கம் ஊத்திறாதீங்க, மீன் செத்துப் போகும். நல்ல வலைன்னா இருவது தடவ வரைக்கும் துவைக்கலாம், ரெண்டு மூணு வருசம் ஓடும். ஓட்டை விழுந்தா தச்சுக்கங்க. ராத்திரி ஓரத்தப் பாய்க்கு அடியில செருகணும், சும்மா தொங்க விட்டா உள்ள நாலு கொசு வந்து நிம்மதியாச் சாப்பிட்டுப் போகும்.